மீசைக்கு ஒத்துவராத முகமூடி

புதுச்சேரிக்குப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் தெருவில் எல்லோரும் என் கணவரைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தார்கள். ஆத்தூரிலிருந்து ஆண்கள் எதற்காகப் புதுச்சேரிக்குப் போவார்கள் என்பதில் எங்கள் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், குடும்பத்தோடவா போறீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"வைத்தியத்துக்குப் போறோம்ணா" என்றேன்.

"ஆமாமா, அங்க போனா எல்லாருக்கும் உடம்பு சரியாயிரும்" என்றார்.

உண்மையில் நாங்கள் போனது ஒரு முகமூடி வாங்க. அதை எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்.

என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று வருடமாக அவருக்குத் தூக்கம் சரியில்லை. அதாவது தூங்கிக்கொண்டே இருந்தார், ஆனால் தூக்கம் இல்லை. குறட்டை விடுவார், திடீரென்று நின்றுபோகும், மூச்சும் நின்றுபோகும். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இருபதைத் தாண்டினால் உலுக்குவேன். ஒருநாள் காலையில் அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கிவிட, பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடப் போய்விட்டார்கள். அதையெல்லாம் சிரித்துக் கடத்திவிட்டோம். ரயில்வே கேட்டில் நடந்ததைக் கடத்த முடியவில்லை. கேட் மூடியிருந்தது. இவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றிருந்தார். முன்னால் எங்கள் மகள் தர்ஷினி, இரண்டரை வயது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட் திறந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். "அப்பா, ரயிலு போச்சு" என்று குழந்தைதான் அவர் கையில் அடித்து எழுப்பியிருக்கிறாள்.

அன்றிலிருந்து குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்ற நான் விடவில்லை. தினமும் காலையில் அவள் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுவாள். இவர் தனியாகக் கிளம்பிப் போவார். நான் செய்தது சரியா, கொஞ்சம் அதிகமா என்று அவர் தெருமுனை திரும்பும்வரை யோசித்துக்கொண்டு நிற்பேன்.

சேலத்து டாக்டர், தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, ஒரு மெஷின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பித் திறந்துவைக்கும் என்றார். மஸ்கட்டில் இருக்கும் இவருடைய சித்தப்பா மகன் மெஷினை அனுப்பிவைத்தான். கூடவே ஒரு முகமூடி, மூக்கை மட்டும் மூடுவது. இவரோ வாயால் மூச்சு விடுகிறவர். மூக்கு வழியாகப் போன காற்று நேராக வாய் வழியாக வெளியே வந்தது. வாயைத் திறந்துகொண்டு ஒரு மேசை விசிறியைப் போலப் படுத்திருந்தார். அந்த மெஷினால் பலனடைந்தது எதிரே படுத்திருந்த நான்தான்.

"வாயால மூச்சு விடறவங்களுக்கு வேற மாஸ்க் இருக்கும்மா. இங்க கிடைக்காது. புதுச்சேரியில ஒருத்தர் இருக்கார்" என்றார் டாக்டர்.

கிளம்பும்போது என் மாமனார் வாசலில் நின்று, "பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் போறீங்க, பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். அவருக்கு எழுபது வயது. மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருப்பார். என் கணவருடைய மீசையும் அதே வார்ப்புதான். இந்த இரண்டு மீசைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே லாட்ஜ் மேனேஜர் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். மிகவும் மரியாதையானவர். "சார், மேல ரெண்டு ரூம்லருந்து கம்ப்ளைண்ட். ஜெனரேட்டர் ஏன் ராத்திரி பூரா ஓடுதுன்னு கேக்கறாங்க. நம்மகிட்ட ஜெனரேட்டரே இல்ல" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்ன ஆளைத் தேடிப் போனோம்.

தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தன. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெருவுக்கே தெரியாது. இங்கே இந்த முனையில் நின்றால் அந்த முனையில் கடல் தெரிகிறது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் வழி சொன்னார். "பதினொன்றரைக்குள்ள போய்டுங்க. அப்பறம் முசியே தூங்கிடுவாரு."

முசியே என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். நம் 'ஐயா' மாதிரியாம். பிரான்சில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், தூக்கத்தைச் சோதிக்கும் வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். நீளமான ரொட்டியைப் பிய்த்து காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மதாம்" என்றார். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில். சுவரெல்லாம் ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு முகமூடி தொங்கியது. தர்ஷினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். "உக்காந்த மூஞ்சி வேற, படுத்த மூஞ்சி வேற. படுத்தா சதையெல்லாம் எறங்கிடும். நின்னுகிட்டு மாஸ்க் வாங்கறவன் ஏமாறுவான்." பிறகு மூக்கின் ஒரு துளையை அடைத்து மறு துளையின் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். அதில் பனி படர்ந்தது. மறு துளைக்கும் படர்ந்தது. "வாயால மூச்சு விடறவங்க ரெண்டு வகை. மூக்கு அடைச்சுப்போய் வாயத் தொறக்கறவங்க ஒண்ணு. மூக்கு நல்லா இருந்தும் தூக்கத்துல தாடை தொங்கிப்போய் வாயத் தொறக்கறவங்க இன்னொண்ணு. நீங்க எந்த வகை?"

"ரெண்டும்தான்" என்றேன் நான். "சாதாரணமா தாடை. சளி பிடிச்சா மூக்கு. மார்கழி மாசம் முழுக்க மூக்குதான்."

"மதாம் நல்லா கவனிக்கறாங்க" என்றார் முசியே. மூன்று வருடத்தில் இந்தக் கவலையை யாராவது பாராட்டியது அதுவே முதல் தடவை.

மூக்குத்தண்டிலிருந்து கீழுதடுக்குக் கீழே வரை ஒரு அட்டையை வைத்து அளந்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருடைய நடைமுறை இதுதான். ஒரு நாளைக்கு ஒரு முகமூடி. எடுத்துப்போய் மதியம் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். நாலரைக்கு முகத்தோடு திரும்பி வர வேண்டும். கழுவக்கூடாது. கன்னத்தில் பதிந்திருக்கும் தடத்தைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். இடையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். அவர் மட்டுமல்ல, அந்த ஊரில் பாதிக் கடைகள் மதியம் மூடியிருந்தன. எங்கள் ஊரில் கடைக்காரர் தூங்குவார், கடை தூங்காது.

லாட்ஜில் நடந்ததைக் கேட்டுவிட்டுக் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "கடல் பக்கத்துலயே இருக்கு. அலைச் சத்தத்துல உங்க சத்தம் கேக்காது."

அந்த வீடு அஞ்சலையக்காவுடையது. காலையில் மீன் விற்கப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பி வருகிறவர். குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். எங்களுக்கு முன்னறையைக் கொடுத்தார். வீட்டில் பிளக் பாயிண்ட் இருந்தது அந்த அறையில் மட்டும்தான், இரண்டு. வாசலை ஒட்டி, தெருவைப் பார்த்த ஜன்னலின் கீழே.

அன்று மதியம் சங்கரா மீன் குழம்பு. எங்கள் பக்கத்தில் மீன் என்றால் ஏரி மீன்தான். கடல் மீனின் முள் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நான் குழந்தைக்கு ஊட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. அஞ்சலையக்கா தட்டைப் பிடுங்கி, "குடு இப்பிடி. முள்ளு எடுக்கறியா இல்ல பேன் பாக்கறியா?" என்று ஒரே இழுப்பில் எலும்பை உருவிப் போட்டார்.

சாப்பாடு முடிந்ததும் இவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தார். மெஷினைப் போட்டேன். முகமூடி முகத்தில் பொருந்தியது, மீசையைத் தவிர. மீசை இருந்த இடத்தில் காற்று கசிந்தது. முதலில் ஒரு விசில். பிறகு மேல்நோக்கிக் கிளம்பிக் கண்களுக்குள் வீசியது. இவர் கண்ணை மூடினார், இமை படபடத்தது. குக்கர் போல விசில் வந்துகொண்டே இருக்க, உள்ளிருந்து அஞ்சலையக்கா, "ஏம்மா, சோறுதான் ஆயிடுச்சே, இன்னும் எத்தினி விசில் வுடப்போற?" என்று கேட்டார்.

நாலரைக்கு முசியே இவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன சைஸ் ஒன்றைக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அதுவும் விசிலடித்தது, இன்னும் மேல் ஸ்தாயியில். அஞ்சலையக்காவோ, "கடலு கூட நடுவுல நடுவுல ஓஞ்சி நிக்கும்மா. உன் வூட்டுக்காரரு நிக்க மாட்டேங்கறாரே" என்றார். இவருடைய குறட்டை நிற்கிற நேரங்கள்தான் பயம் என்பதை நான் எப்படிச் சொல்வது?

அன்று மாலை பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். வாசலில் யானை நின்றது. தும்பிக்கையை நீட்டி ஒவ்வொருவர் தலையிலும் வைத்தது. இரண்டு நாளாக முகமூடியையும் அதிலிருந்து நீளும் குழாயையும் பார்த்துப் பழகியிருந்த தர்ஷினி, யானையைக் கையைக் காட்டி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "அப்பா!" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்மணி இவரை மேலும் கீழும் பார்த்தார். நான் குனிந்து குழந்தையின் கொலுசைச் சரிசெய்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு லாபம், அன்றிலிருந்து முகமூடியைக் கண்டு அவள் பயப்படவில்லை. அதற்கு 'யானை அப்பா' என்று பெயர் வைத்தாள்.

புதன்கிழமை முசியே தீர்ப்புச் சொன்னார். "மாஸ்க்ல தப்பு இல்ல. மீசைய எடுக்கணும்."

இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா நல்லாத்தான இருக்காரு!"

எங்கள் பக்கத்தில் அப்பா இறந்தால்தான் மகன் மீசையை எடுப்பான். மழித்த மேலுதட்டோடு கடைத்தெருவில் நடந்தால், "எப்ப? சேதியே வரலயே!" என்று நாலு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

முசியே பெருமூச்சு விட்டார். "அங்க எத்தனையோ பேர மீசை எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் பொண்டாட்டிக்குப் புடிக்காதும்பான். ஒருத்தன் மூஞ்சி குளுரும்பான். அப்பாவ இழுத்தவன் ஒருத்தனும் இல்ல."

"வேற வழி இல்லிங்களா?" என்றேன்.

இருந்தது. மூக்குத் துளைகளில் மட்டும் செருகிக்கொள்ளும் ஒரு சின்னச் சாதனத்தைக் காட்டினார். இரண்டு வெள்ளை ரப்பர் குமிழ்கள். மீசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வாய் திறக்காமல் இருக்கத் தாடையைத் தூக்கிக் கட்ட வேண்டும். அதற்கென்றே பட்டை உண்டு, இவர் அளவு இப்போது கைவசம் இல்லை, வரவழைக்க வேண்டும். "நாளைக்கு ஒரு துணியால கட்டிப் பாருங்க மதாம். தாடைக்கு அடியிலருந்து உச்சந்தலைக்கு. தூங்கினா பட்டைக்குச் சொல்றேன். ஆனா சளி புடிச்ச அன்னிக்கு இது ஆகாது, ஞாபகம் வெச்சுக்குங்க."

தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்கு. அதைக் கேட்டதும் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் மீசை தப்பித்த சந்தோஷத்தில் இருந்தார்.

வியாழக்கிழமை மதியம் இவருடைய பழைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு பட்டை கிழித்தேன். வேறு நிறத்தில் துணி தேடினேன், என் புடவைகள் எல்லாம் வழுக்கின. இவர் பாயில் படுத்தார். மூக்கில் இரண்டு வெள்ளைக் குமிழ்களையும் செருகினேன். துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து, கன்னங்களின் மேலாக, காதுகளை மூடி, உச்சியில் முடிச்சுப் போட்டேன். அவிழ்த்துவிட்டு முடிச்சைப் பக்கவாட்டில் போட்டேன், துணி நழுவியது. மறுபடி உச்சியிலேயே போட்டேன். இப்படித் துணி கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் மெஷின் போடவில்லை.

"இன்னும் இறுக்கு" என்று பல்லைக் கடித்தபடி இவர் சொன்னார்.

மெஷினைப் போட்டேன். தலைமாட்டில் அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. விசில் இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் இல்லை. மூச்சு மட்டும் ஒரே சீராக வந்து போனது. நான் எண்ணினேன், எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை. கால்பக்கம் மேசை விசிறியை வைத்து, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்போதும் என் மனது அடங்கவில்லை. இது நிஜமாகவே வேலை செய்தால் வாழ்நாள் முழுக்கத் தினமும் நான்தான் இதைக் கட்டிவிட வேண்டும். சுமங்கலி ஒருத்தி தன் கையால், தினமும். கட்டின பிறகு விளக்கணைத்துவிட்டுப் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு மீசையை எடுப்பதே தேவலை என்று தோன்றியது. ஆனால் அது என் மீசை இல்லையே. எங்களுக்கு இருந்த ஒரே செல்போன் இவர் தலையணைக்கு அடியில் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத் தேடிப் போனேன். வெயிலில் மூன்று பூத் மூடியிருந்தன. நாலாவது திறந்திருந்தது, ஆனால் பூத்காரர் ரிசீவரைத் தலைக்கு அணை கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரை எழுப்பி ரிசீவரை வாங்கி, மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீசை விஷயத்தைக் கடைசியில்தான் சொன்னேன். நம்மால் இப்படிக் கேட்க முடிகிறதே என்று இருந்தது.

"ஏம்மா, எடுத்தா தூங்குவானா?"

"தூங்குவாருங்க மாமா."

"அப்ப எடுக்கச் சொல்லு. நான் போறதுக்குள்ள மறுபடி மொளச்சிரும். அப்ப இன்னொரு வாட்டி எடுத்துக்கட்டும். நான் இப்பத்திக்கிப் போறதா இல்ல."

அழுகையும் சிரிப்புமாகப் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தெருமுனை வந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. எந்த ஊர்க்காரருக்கும் தெரியும் அந்தச் சத்தம். அஞ்சலையக்கா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஆண்கள் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

நான் இறுக்கிக் கட்டிவிட்டேன். எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். அவர் இன்னும் இறுக்கு என்றார், நான் இறுக்கிவிட்டேன்.

உள்ளே இவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையக்கா நடுவில் மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டுக்கொண்டிருந்தார். இவர் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்துச் சமாளித்தார்:

"சேலத்துச் சீமையிலருந்து வந்த ராசா, சங்கரா மீனுன்னா ரெண்டு தடவ கேட்ட ராசா, நாலு நாளு சோறு தின்னியே, நாலாம் நாளு நேத்தோட வுட்டியே!"

நாள் கணக்கு இடித்தது. ஆனால் அந்த நேரத்தில் யார் கவனிப்பார்கள்?

என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டார். "நீ வர்றதுக்குள்ள போயிட்டாரே தங்கச்சி! கொரட்டச் சத்தம் நின்னுச்சேன்னு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். மூக்குல பஞ்சு வெச்சி, வாய்க்கட்டு கட்டி, வெளக்கும் ஏத்தி வெச்சிட்டு நீ யாருக்கும் சொல்லாம போயிட்டியே! காலத் தொட்டா சில்லுனு கீது!"

அவர் பிடியிலிருந்து விலகி மண்டியிட்டேன். போர்வையை இழுத்தேன். மார்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. காது பக்கத்தில் மெஷின் மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. அத்தனை ஓலத்திலும் மனிதர் அசையவில்லை. காதுகளை நானே துணியால் மூடியிருந்தேன், அதோடு மூன்று வருடத் தூக்கம் பாக்கி. "தூங்கறாரு" என்று சொல்ல நினைத்தேன், வாயிலிருந்து வெறும் கேவல்தான் வந்தது. அதைப் பார்த்துப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள். தர்ஷினி மட்டும் நிதானமாக, "அப்பா ஜோ ஜோ" என்றாள். எல்லோருமாகக் குழந்தையைக் கட்டிக்கொண்டு கதறினார்கள்.

அப்போதுதான் முசியே வந்தார். எங்களை இங்கே அனுப்பிவைத்தவர் என்பதால் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மதிய நேரத்தில் அவர் வீட்டுக் கதவு திறந்து பார்த்ததே இல்லை என்று தெருவே சொல்லும். கோடு போட்ட பைஜாமா, தலையில் தொப்பி, கையில் குடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். நாடி பார்க்கவில்லை. புறங்கையை இவர் மூக்கருகே, பிறகு வாயருகே, பிறகு இரண்டு கன்னத்தருகேயும் கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"வுவாலா! பாத்தீங்களா, ஒரு பொட்டு கசிவு இல்ல!" என்றார்.

ஓலம் சட்டென்று நின்றது.

"சாவலியா?" என்றார் அஞ்சலையக்கா.

"தூங்கறாரு. மணி மூணேகால். நாலு வரைக்கும் யாரும் எழுப்பக்கூடாது. எழுப்பினா டெஸ்ட் கெட்டுப்போயிடும்." குடையை மூலையில் சாத்திவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

யாரும் எழுந்து போகவில்லை. வந்துவிட்டார்கள், தலையை அவிழ்த்துவிட்டார்கள், பாதியில் எப்படிப் போவது? முக்கால் மணி நேரம் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துக்கத்துக்கென்று வாங்கிவர ஆள் போயிருந்த டீ வந்தது, அதைச் சத்தமில்லாமல் குடித்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "மேளத்துக்குச் சொல்லியாச்சு, வேணாம்னுடலாமா?" என்று கிசுகிசுத்தார். முசியே உதட்டில் விரலை வைத்தார். நான் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணவில்லை.

நாலு மணிக்கு இவர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் தலைவிரி கோலமாகப் பெண்கள். வாய் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. கையை உயர்த்தினார். நான்கு நாட்களில் அந்தக் குப்பம் போட்டதிலேயே பெரிய அலறல் அதுதான்.

பிறகு சிரிப்பு. அஞ்சலையக்காதான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அழுத கண்ணீரத் திருப்பிக் குடு தம்பி! என் வூட்டுக்காரருக்குக் கூட இவ்ளோ பாட்டு கட்டல நான்!"

இவருக்கு ஒரே உற்சாகம். முகம் தெளிந்து, கல்யாணத்தின்போது பார்த்த முகம் மாதிரி இருந்தது. "இதுதான் வேணும். இதையே வாங்கிடலாம்" என்றார் துணியை அவிழ்த்தபடி.

"சளி பிடிச்சா ஆகாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"சளி வர்றப்ப பாத்துக்கலாம்."

"மார்கழி முழுக்கச் சளி."

இவர் என்னைப் பார்த்தார். என் கையில் அந்த வெள்ளைத் துணி இருந்தது. அதை நான் எப்படிப் பிடித்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை, இவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மீசையை ஒருமுறை தடவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மாமனார் சொன்னதை முடிதிருத்தும் கடைக்குப் போகும் வழியில்தான் சொன்னேன். "அவர்கிட்டயே கேட்டியா?" என்று நின்றுவிட்டார். பிறகு அரைத் தெரு தூரம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். கடைக்காரர் துணியைப் போர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பாங்களா, அம்மாங்களா? தலையும் சேத்தா?" என்று கேட்டார். "தூக்கம் வரலிங்க, அதுக்குத்தான்" என்றார் இவர். கடைக்காரர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கத்தியை மட்டும் மிகவும் ஜாக்கிரதையாகப் பிடித்தார்.

வெளியே வந்த மனிதரைத் தர்ஷினி பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. என் பின்னால் ஒளிந்துகொண்டு வீறிட்டாள். தூக்கப் போனால் உதைத்தாள். வீடு வரும்வரை "அப்பாகிட்டப் போணும்" என்று அப்பாவின் பக்கத்திலேயே நடந்துகொண்டு அழுதாள். கடைசியில் இவர் முன்னறையில் உட்கார்ந்து, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் அந்த முகமூடியை எடுத்து மாட்டிக் குழாயையும் செருகினார். அழுகை நின்றது. "யானை அப்பா!" என்று ஓடிவந்து மடியில் ஏறினாள். அடுத்த இரண்டு நாட்கள் முகமூடி போட்டால்தான் அவர் அவளுக்கு அப்பா.

அதனால்தான் திரும்பும்போது பஸ்ஸிலும் அதைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பாட்டில் தேடினார்கள். எங்கள் பையைத் திறந்த காவலர் குழாயை வெளியே இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது.

"இன்னாது இது? எங்கருந்து எங்கே போவுது?"

இவர் விளக்க ஆரம்பித்தார். காவலருக்கு நம்பிக்கை வரவில்லை. குழாயின் முனையை முகர்ந்து பார்த்தார். கடைசியில் இவர் முகமூடியை மாட்டியே காட்டினார். தர்ஷினி கைதட்டி, "யானை!" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காவலர் அவசரமாகப் பையை மூடி, "போங்க சார், போங்க" என்றார். எங்கள் பின்சீட்டுக்காரருடைய பையை அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பின்சீட்டுக்காரர் இறங்கும்போது இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆத்தூரில் இறங்கினால் பஸ் நிலையத்தில் மாமனார் நிற்கிறார். சலவை வேட்டி, புதுச் சட்டை, மீசை நெய் தடவியதுபோல முறுக்கேறியிருந்தது. "எதுக்குங்க மாமா இவ்ளோ தூரம்?" என்றேன்.

"இவன் தனியா நடந்து வந்தா என்னய கொன்னுபுடுவானுங்க" என்றார். மகனுடைய மேலுதட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "உங்கம்மா ஜாடை இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைத்தெரு வழியாக மெதுவாக நடந்தார். எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் தானாகவே, "சௌக்கியமா? நான் சௌக்கியம்" என்றார்.

இப்போது அந்த முகமூடியில் விசில் இல்லை. கசிவு இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. முதல் வாரம் அந்த அமைதியில் நான்தான் தூங்கவில்லை. இரண்டாம் வாரம் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் தர்ஷினி வழக்கம்போல ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றாள். அழக்கூட ஆரம்பிக்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். இவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைத் தூக்கி முன்னால் நிறுத்தினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் மாமனார் வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "என்னயும் முக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போ. எதிர்வீட்டுக்காரன் நேத்துகூட ஒரு மாதிரி பாத்தான்" என்றார்.

முன்னால் குழந்தை, நடுவில் மீசையில்லாத மகன், பின்னால் மீசையோடு அப்பா. வண்டி கிளம்பியது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரும்போது அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. உள்ளே ஓடிவிட்டேன்.